ஆப்பிரிக்கக் கிராமத்துக்கு ஒரு அடிபம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு உதவியோடு நடக்கும் கிராமக் குடிநீர் வேலைகளைப் பற்றித் தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அம்மா நினைவாக ஒரு கிணறு அமைத்துக் கொடுக்க நினைப்பவர்கள் கேட்கிறார்கள். கம்பெனி ஒதுக்கும் சமூக நிதியை எங்கே கொடுக்கலாம் என்று பார்ப்பவர்களும், இந்தத் துறைக்கு வேலைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். உதாரணங்களில் பாதிக்கு மேல் மலாவி நாட்டிலிருந்து வரும். மற்றவை கென்யா, மொசாம்பிக், வங்கதேசம், அப்புறம் நம்ம கோயம்புத்தூர்.

ஏன் மலாவி? ஏன் அடிபம்பு?

சாம்பியா, தான்சானியா, மொசாம்பிக் மூன்றுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் சின்ன நாடு மலாவி. அங்கே 10 பேரில் 8 பேருக்கு மேல் கிராமத்தில்தான் வாழ்கிறார்கள். கிராமத்தில் நல்ல தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஒரு ஆழ்துளைக் கிணறு, அதன் மேல் ஒரு அடிபம்பு. அது நின்றுபோனால் மக்கள் ஆற்றுக்கோ, கையால் தோண்டிய திறந்த ஊற்றுக்கோ போவார்கள். 2022 மார்ச்சில் தொடங்கி 2023இல் உச்சத்துக்குப் போன காலராவில் அந்த நாட்டில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்டு வரலாற்றிலேயே மிக மோசமான காலரா அது. ஒரு பம்பு ஓடுகிறதா, நிற்கிறதா என்பது அங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

போர் போட்டு, பம்பு மாட்டி, கல்வெட்டும் வைத்துவிட்டால் வேலை முடிந்ததுதானே?

இல்லை. இந்த நினைப்புதான் இந்தத் துறையில் அதிகப் பணத்தை வீணாக்கியிருக்கிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள 20 நாடுகளின் கணக்கை 2009இல் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான அடிபம்புகள் வேலை செய்யவில்லை. பிற்பாடு வந்த மதிப்பீடுகள் ஏறக்குறைய நான்கில் ஒன்று என்கின்றன. முன்னேற்றம்தான். ஆனாலும் நான்கு பம்பில் ஒன்று எந்த நேரமும் சும்மா நிற்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள், திறப்பு விழாவில் படம் எடுத்திருக்கிறார்கள்.

திறப்பு விழா அன்று எல்லாப் பம்பிலும் தண்ணீர் வரும். மூன்றாவது வருடம், மக்காச்சோள அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதத்தில், ஒரு வாஷர் தேய்ந்து நின்ற அன்றைக்கு யார் வருகிறார்கள்? அவர்கள் கையில் என்ன இருக்கிறது? செலவு யாருடையது? ஒரு திட்டம் உருப்படுமா என்பது இந்தக் கேள்விகளில்தான் தெரியும்.

பம்பில் அப்படி என்னதான் பழுதாகும்?

மலாவியில் அதிகம் இருப்பது அஃப்ரிடெவ் என்ற பம்பு. 1980களின் தொடக்கத்தில் மலாவி, கென்யா இரண்டு நாட்டு அனுபவத்திலிருந்தும் உருவானது. ஊர்க்காரர்களே கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்பதுதான் அதை வடிவமைத்தபோது வைத்துக்கொண்ட நோக்கம். அதற்கு ஒரே ஒரு ஸ்பேனர் போதும்.

பழுது பார்க்கும் காட்சியைச் சொல்கிறேன். மூடியைத் திறந்து, பின்களைத் தளர்த்தி, கைப்பிடியை எடுத்து ஓரமாக வைப்பார்கள். பிறகு உள்ளே தொங்கும் இரும்புக் கம்பிகளை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கையாலேயே இழுப்பார்கள். ஒவ்வொரு கம்பியும் சுமார் 3 மீட்டர். நுனியில் கொக்கி போல இருப்பதால் மேலே வந்ததும் சாய்த்தால் கழன்றுவிடும், கருவி எதுவும் வேண்டாம். 30 மீட்டர் ஆழத்துக்குப் பத்துக் கம்பி. அவற்றை மண்ணில் போடக் கூடாது. வேலியிலோ மரக்கிளையிலோ சாய்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணெல்லாம் கிணற்றுக்குள் போய்விடும். கடைசிக் கம்பியோடு பிஸ்டன் வெளியே வரும். அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான். தேய்ந்திருந்தால் விரலால் தடவினாலே தெரியும். அதை உருவிவிட்டுப் புதியதை மாட்டி, வால்வையும் பார்த்து, எல்லாவற்றையும் திரும்ப இறக்கி, குளோரின் கரைசல் ஊற்றிவிட்டால் முடிந்தது. பழகிய கைகள் காலையில் தொடங்கினால் மதியச் சமையலுக்குத் தண்ணீர் வந்துவிடும்.

இவ்வளவு சுலபமான வேலை ஏன் மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கிறது? அந்த வளையம் விற்கும் கடை 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போக பஸ் காசு இல்லை. போனால் அந்தக் கடையில் சரக்கு இல்லை. பயிற்சி எடுத்த பையன் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். பொருளாளரிடம் இருந்த காசை யாரோ மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் சிறிய காரணம்தான். இரண்டு மூன்று சேர்ந்துகொண்டால் பம்பு நின்றது நின்றதுதான்.

கோயம்புத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். தமிழ்நாட்டுத் தெருமுனைகளில் நாம் அடித்து விளையாடிய அந்தப் பம்பின் பெயர் இந்தியா மார்க் 2. உலகத்தில் அதிகம் பரவிய அடிபம்புகளில் அதுவும் ஒன்று.

1966–67 பீகார் வறட்சிக்குப் பிறகு யுனிசெப் உதவியோடு பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் இந்தியாவுக்கு வந்தன. துளை வேகமாகப் போட முடிந்தது. ஆனால் மேலே மாட்டியது, வெளிநாட்டில் ஒரு வீட்டுக்காரர் உபயோகத்துக்காகச் செய்த வார்ப்பிரும்புப் பம்பின் நகல். ஒரு குடும்பத்துக்கான பம்பை ஒரு ஊரே விடிகாலை முதல் இரவு வரை அடித்தால் என்ன ஆகும்? 1974இல் எடுத்த கணக்கில் சுமார் முக்கால்வாசிப் பம்புகள் ஓடவில்லை.

அதற்குள் மகாராஷ்டிரத்தில் கிறிஸ்தவ மிஷன் அமைப்புகளில் வேலை செய்தவர்கள் ஷோலாப்பூர் பம்பு என்ற உறுதியான எஃகுப் பம்பைச் செய்து வைத்திருந்தார்கள். கைப்பிடிக்கும் கம்பிக்கும் இடையே சங்கிலி வைத்தது அதன் சிறப்பு. அதை அடிப்படையாக வைத்து யுனிசெப், இந்திய அரசின் பொறியாளர்கள், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலை எல்லோரும் சேர்ந்து புதிய பம்பை உருவாக்கினார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாட்டி, மக்களை அடிக்க விட்டு, எது உடைகிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். 1970களின் கடைசியில் உற்பத்தி தொடங்கியது. யாரும் காப்புரிமை எடுக்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதனால்தான் இந்தியாவில் லட்சக்கணக்கில் பரவியது, ஆப்பிரிக்காவுக்கும் போனது. உகாண்டாவில் யு2 என்று அழைக்கப்படுவது இதே பம்புதான்.

இன்னொன்றும் தமிழ்நாட்டில் நடந்தது. ஊரில் ஒரு பராமரிப்பாளர், ஒன்றிய அளவில் ஒரு பிட்டர், பெரிய பழுதுக்கு மாவட்டத்திலிருந்து வேனில் வரும் குழு என்று மூன்று அடுக்கு ஏற்பாடு வந்தது. எனக்கு அந்தப் பம்பைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. பம்பைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியவர்கள் இந்த ஏற்பாட்டையும் சேர்த்து அனுப்பவில்லை. பிட்டருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் ஒன்றிய அலுவலகம் அங்கே பல இடங்களில் இல்லவே இல்லை.

நல்ல பம்பு என்றால் எல்லா ஊரிலும் நன்றாகத்தானே ஓடும்?

தண்ணீரைப் பொறுத்தது. மார்க் 2 பம்பின் உள்குழாய் துத்தநாகம் பூசிய இரும்பு. அமிலத்தன்மை உள்ள நிலத்தடி நீரில் அது அரித்துப்போகும். மேற்கு ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இந்தப் பிரச்சினை பல வருடங்களாக இருக்கிறது. காலையில் முதல் குடம் செம்பழுப்பு நிறத்தில் வரும். அதில் துணி துவைத்தால் கறை, சமைத்தால் சாப்பாட்டில் நிறமாற்றம், வாயில் இரும்பு வாடை. பம்பு 'ஓடுகிறது' என்று கணக்கில் இருக்கும், பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பிப் போயிருப்பார்கள். அங்கே பிளாஸ்டிக் குழாயோ துருப்பிடிக்காத எஃகோ போட்டிருக்க வேண்டும்.

மலாவியின் தெற்கே ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சில இடங்களில் உப்புத் தண்ணீர். துளை போட்டு, பம்பு மாட்டி, குடித்துப் பார்த்துவிட்டு ஊரே ஒதுக்கிவைத்த பம்புகள் அங்கே உண்டு.

'மக்கள் பங்கேற்பு' என்று எல்லா அறிக்கையிலும் வருகிறதே, நிஜத்தில் அது எப்படி நடக்கும்?

முதலில் எது பங்கேற்பு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். எல்லா முடிவையும் தலைநகரத்தில் எடுத்துவிட்டு, ஊர்க்காரர்களை மணலும் செங்கல்லும் சுமக்கச் சொல்வது பங்கேற்பு இல்லை. கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போவதும் இல்லை.

சரியாக நடக்கும் இடத்தில் முதல் பேச்சே இடத்தைப் பற்றித்தான். தரையில் சாம்பலால் ஊர் வரைபடம் போடுவார்கள். கல் வைத்தால் வீடு, மக்காச்சோளக் கதிர் வைத்தால் வயல், குச்சி வைத்தால் பாதை. யார் யார் எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்று வரைவதற்குள் பல சங்கதிகள் வெளியே வந்துவிடும். இந்தப் பாதையில் மழைக்காலத்தில் ஓடை குறுக்கிடும். அந்த மேட்டில் கல்லறை இருக்கிறது, அங்கே யாரும் தண்ணீர் எடுக்க மாட்டார்கள். இந்த நிலம் யாருக்குச் சொந்தம், நாளைக்கு அவர் வேலி போட்டால் என்ன செய்வது? கழிப்பறைகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன? இதெல்லாம் எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் கிடைக்காது. ஊர் கூடி மூன்று இடங்களை வரிசைப்படுத்திச் சொல்லும். நிலத்தடி நீர் வல்லுநர் அந்த மூன்றிலும் கருவி வைத்துப் பார்த்து, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று சொல்வார். ஊர் அறிவும் அவர் அறிவும் ஒன்றுசேரும் இடத்தில் துளை விழும்.

யார் பேசுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் எடுப்பது பெண்களும் சிறுமிகளும், கூட்டத்தில் பேசுவது ஆண்கள். கூட்டத்தைக் காலையில் வைத்தால் பெண்கள் வயலில் இருப்பார்கள். மாலையில் வைத்தால் அடுப்படியில். அவர்களிடமே நேரம் கேட்டு வைக்க வேண்டும், அவர்கள் தனியாக உட்கார்ந்து பேசவும் வழி செய்ய வேண்டும். அப்படிப் பேசவிட்டால் பம்பின் கைப்பிடி கர்ப்பிணிகளுக்குக் கனமாக இருக்கிறது, குடத்தைத் தலைக்கு ஏற்ற ஒரு திண்டு வேண்டும், சிந்தும் தண்ணீரை வாழைக்கும் கீரைக்கும் திருப்பிவிட்டால் நல்லது என்றெல்லாம் வரும். திண்டு கட்ட ஆகும் செலவு கொஞ்சம்தான், ஆனால் கேட்காமல் விட்டால் யாருக்கும் தோன்றாது.

ஒன்றை நான் அழுத்திச் சொல்வேன்: வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கு இருக்க வேண்டும். 'எங்களுக்குப் புதிய போர் வேண்டாம், பழைய இரண்டையும் சரிசெய்து கொடுங்கள்' என்று ஊர் சொன்னால், கேட்டுக்கொள்ளும் அளவுக்கு நன்கொடையாளரின் திட்டம் வளைந்துகொடுக்க வேண்டும். வளையாத திட்டத்தில் எத்தனை கூட்டம் போட்டாலும் அது கூட்டாண்மை ஆகாது.

தண்ணீர்க் குழுவிடம் காசு எப்படிச் சேர்கிறது?

மலாவியில் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு குழு இருப்பது வழக்கம். தலைவர், செயலாளர், பொருளாளர், பராமரிப்பாளர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா வைக்கச் சொல்லித்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். மாதச் சம்பளம் வாங்குபவர்கள் போட்ட திட்டம் அது. கிராமத்தில் காசு கையில் புழங்குவது ஏப்ரல், மே அறுவடைக்குப் பிறகு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை பல வீடுகளில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கே பாடு. அந்த மாதங்களில் சந்தா கேட்டுப் போகும் பொருளாளர் பாவம். அறுவடை முடிந்ததும் மொத்தமாக வாங்கும் குழுக்கள், காசுக்குப் பதில் மக்காச்சோளமாகவே வாங்கிப் பிறகு விற்கும் குழுக்கள் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன.

சேர்த்த காசைப் பெட்டியில் வைத்திருப்பதிலும் ஒரு ஆபத்து. 2023 நவம்பரில் மலாவி நாட்டுப் பணமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலர் சுமார் 1,180 குவாச்சாவிலிருந்து ஒரே அறிவிப்பில் 1,700 ஆனது. உதிரி சாமான்கள் பெரும்பாலும் இறக்குமதி. பெட்டியில் இருந்த காசு அப்படியே இருந்தது, வாங்க வேண்டிய சாமானின் விலை ஏறிவிட்டது. அதனால் காசு வந்த உடனே இரண்டு மூன்று ரப்பர் வளையங்களை வாங்கி வைத்துவிடும் குழுவை நான் கெட்டிக்காரக் குழு என்பேன்.

நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழு போல அங்கேயும் சேமிப்புக் குழுக்கள் உண்டு. 1991இல் நைஜர் நாட்டில் கேர் என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய முறை அது, இப்போது ஆப்பிரிக்கா முழுவதும் இருக்கிறது. மூன்று பூட்டுப் போட்ட பெட்டி, மூன்று பேரிடம் மூன்று சாவி. தண்ணீர்ப் பணத்தையும் அதே ஒழுங்கில் சுழற்சிக்கு விட்டு வட்டியோடு பெருக்கும் ஊர்கள் உண்டு.

இவ்வளவு ஏழைகளிடம் தண்ணீருக்குக் காசு வாங்குவது நியாயமா?

நல்ல கேள்வி. 2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. உரிமை என்றால் இலவசம் என்று பொருள் இல்லை, காசு இல்லாத காரணத்தால் யாருக்கும் மறுக்கக் கூடாது என்று பொருள். தனியாக வாழும் முதியவர்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருக்கும் வீடு என்று பார்த்து விலக்குக் கொடுப்பதைப் பல குழுக்கள் யாரும் சொல்லாமலே செய்கின்றன.

ஆனால் செலவின் அளவைப் பாருங்கள். புர்கினா ஃபாசோ, கானா, மொசாம்பிக், இந்தியாவின் ஆந்திரம் ஆகிய நான்கு இடங்களில் 2008க்குப் பிறகு நடந்த ஒரு பெரிய ஆய்வு, அடிபம்புத் தண்ணீரைத் தொடர்ந்து கொடுக்க ஆளுக்கு வருடம் 3 முதல் 6 டாலர் வேண்டும் என்று கணக்குப் போட்டது. பம்பை மாற்றும் செலவு, மேற்பார்வை எல்லாம் சேர்த்து, 2011 விலையில். 250 பேர் உள்ள ஊர் என்றால் வருடத்துக்கு 750 முதல் 1,500 டாலர். கிராமச் சந்தாவில் வசூலாவது அதில் சிறு பகுதிதான். மீதியை யாரும் கொடுப்பதில்லை, அதனால்தான் பம்பு நிற்கிறது. ஏழைகள் கட்டவில்லை என்று பழி போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஊரிடமே ஒப்படைப்பது சரியில்லையா?

சரியில்லை. 1980களிலிருந்து 'கிராமமே நிர்வகிக்கும்' என்ற கொள்கை ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. அதில் மரியாதையும் இருந்தது, பொறுப்பைக் கைகழுவும் வசதியும் இருந்தது. சென்னையிலோ லண்டனிலோ யாரும் தெருவுக்குத் தெரு குழு போட்டுத் தண்ணீர்க் குழாயைத் தாங்களே பழுது பார்ப்பதில்லை. எல்லோரிலும் ஏழையான மக்களிடம் மட்டும் அதை எதிர்பார்க்கிறோம்.

மலாவியிலேயே பெருமைக்குரிய ஒரு முன்னுதாரணம் உண்டு. 1968இல் சிங்காலே என்ற இடத்தில் தொடங்கி, மலை ஓடைகளிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மோட்டார் கிடையாது, சரிவில் தானாக இறங்கும் தண்ணீர். கிலோமீட்டர் கணக்கில் பள்ளம் தோண்டியது ஊர்மக்கள். அரசு குழாயும் பொறியாளரும் கொடுத்தது. உலகம் முழுவதிலிருந்தும் வந்து பார்த்தார்கள். காலம் போகப் போக மக்கள்தொகை பெருகியது, மலைக்காடு குறைந்தது, குழாய் பழசானது, அரசின் பராமரிப்புப் பணமும் சுருங்கியது. பல குழாய்கள் வறண்டன. மக்களின் உழைப்பில் அங்கே குறை இல்லை. பின்னால் நிற்க வேண்டியவர்கள் நிற்கவில்லை.

இதற்கு மாற்றாக நம்பிக்கை தருவது தொழில்முறைப் பராமரிப்பு. கென்யாவின் கிட்டுயி மாவட்டத்தில் கியூசோ பகுதியில் 2013இல் ஒரு சோதனை நடந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பின் கைப்பிடிக்குள் ஒரு சிறு கருவியை வைத்தார்கள். கைப்பிடி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதை அது மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும். அசைவு நின்றால் மெக்கானிக்குக் கிளம்பச் சொல்லித் தகவல் போகும். முன்பு ஒரு பழுதைச் சரிசெய்ய சராசரியாக 27 நாள் ஆனது, சோதனையில் அது 3 நாளுக்குள் வந்தது. அதிலிருந்து ஃபண்டிஃபிக்ஸ் என்ற பராமரிப்புச் சேவை வளர்ந்தது. ஊர் சந்தா கட்டும், மெக்கானிக் வருவார், பற்றாக்குறையை ஒரு பொது நிதி ஈடுகட்டும். முடிவெடுப்பது ஊர், பழுது பார்ப்பது சம்பளம் வாங்கும் ஆள். எனக்கு இது நியாயமான பங்கீடாகப் படுகிறது.

குழந்தைகள் சுற்றி விளையாடினால் தண்ணீர் வரும் பம்பு என்று ஒரு வீடியோ பார்த்தேன். அது என்ன ஆயிற்று?

அது பிளேபம்ப். குடைராட்டினம் போல ஒன்று, பிள்ளைகள் சுற்றினால் தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரம் வைத்துப் பராமரிப்புச் செலவை எடுப்பதாகத் திட்டம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த யோசனை. 2006இல் அமெரிக்காவில் இதற்கு 1.64 கோடி டாலர் நிதி அறிவித்தார்கள். 2010க்குள் 10 நாடுகளில் 4,000 பம்பு என்பது இலக்கு.

பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டால் யார் சுற்றுவது? மொசாம்பிக்கில் பெண்கள் குனிந்து, வெயிலில், அந்தச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சும்மா அடித்தால் தண்ணீர் வரும் பழைய அடிபம்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டிய இடங்களும் இருந்தன. குக்கிராமத்தில் விளம்பரம் கொடுக்க எந்தக் கம்பெனியும் வரவில்லை. பழுதானால் ஊர்க்காரர்களால் கைவைக்க முடியாது. இலக்கைத் தொடும் முன்பே திட்டத்தை நிறுத்தி, மீதி இருந்தவற்றை வாட்டர் ஃபார் பீப்பிள் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். முக்கிய நன்கொடையாளரான கேஸ் அறக்கட்டளை, திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று 2010இல் வெளிப்படையாக எழுதியது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் தினமும் தண்ணீர் எடுக்கும் பெண்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

நிலத்தடி நீர் சுத்தமாகத்தானே இருக்கும்?

கிருமிகள் குறைவு, அது உண்மை. மற்றதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். வங்கதேசத்தில் குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க, யுனிசெப் துணையோடு குழாய்க் கிணறுகள் பரப்பப்பட்டன. மக்கள் தங்கள் சொந்தக் காசிலும் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். 1993இல் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது தெரியவந்தது. பிறகு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றின் வாயில் சிவப்பு, நல்லவற்றின் வாயில் பச்சை வண்ணம் பூசினார்கள். சுமார் 14 லட்சம் கிணறுகள் சிவப்பு.

அங்கே அதிகம் உதவியது விலை உயர்ந்த வடிகட்டி இல்லை. பச்சை வாய் உள்ள பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதி கிடைத்ததுதான். அக்கம்பக்கத்து உறவு நன்றாக இருந்த இடத்தில் அது சுலபமாக நடந்தது. வண்ணம் வெளுத்துப்போனது, புதிதாகப் போட்ட கிணறுகளைச் சோதிக்கவில்லை என்ற குறைகளும் உண்டு.

அடிபம்பை விட்டுவிட்டு சோலார் மோட்டார் போட்டுவிடலாமே?

பல ஊர்களுக்கு நல்லதுதான், வீட்டுப் பக்கத்திலேயே குழாய் வரும். பழுதானால் கைவைக்க மின் தெரிந்த ஆள் வேண்டும், தகட்டுக்குக் காவல் வேண்டும், செலவும் கூடும். அடிபம்பையே பராமரிக்க வழியில்லாத இடத்தில் சோலார் போட்டால், நிற்கிற சாமானின் விலைதான் ஏறும்.

நன்கொடை தருவதற்கு முன் அமைப்பிடம் என்ன கேட்க வேண்டும்?

'எத்தனை கிணறு போட்டீர்கள்' என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் ஐந்து வருடத்துக்கு முன் போட்டவற்றில் இன்றைக்கு எத்தனை ஓடுகின்றன, கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பட்டியல் கையில் இருக்கும் அமைப்பு உடனே அனுப்பும். ஓடாதவற்றையும் சேர்த்து அனுப்பினால் அது நல்ல அமைப்பு.

துளையை எந்த மாதத்தில் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு, நீர்மட்டம் மேலே இருக்கும்போது, ஆழம் போதாமல் போட்டால் அக்டோபர் வெயிலில் வற்றிவிடும். தண்ணீரைச் சோதிக்கிறார்களா, அந்தச் சான்றிதழை ஊருக்கும் கொடுக்கிறார்களா? மாவட்டத் தண்ணீர் அலுவலகத்துக்குத் தெரிந்து செய்கிறார்களா? நாட்டில் எல்லோரும் அஃப்ரிடெவ் வைத்திருக்கும்போது வேறொரு பம்பைக் கொண்டுவந்து மாட்டினால் அதற்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

உங்களால் முடிந்தால் புதிய கிணற்றுக்குப் பதிலாக, நின்றுபோன பம்புகளைச் சரிசெய்யவும் அந்தப் பகுதியின் மெக்கானிக் சம்பளத்துக்கும் பணம் கொடுங்கள். நல்ல துளை ஏற்கெனவே இருக்கிற இடத்தில் பம்பைச் சரிசெய்ய ஆகும் செலவு புதியதில் ஒரு சிறு பங்குதான். அம்மா பெயரைப் பொறித்த கல் அதில் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் நன்கொடையாளர்கள் இந்தத் துறைக்கு மிகவும் தேவை.

நேரில் போய் உதவ ஆசை. இரண்டு வாரம் போகலாமா?

பள்ளம் தோண்டவும் சுவருக்கு வண்ணம் அடிக்கவும் அங்கே ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி தேவை. உங்கள் விமான டிக்கெட் பணத்தில் ஒரு மெக்கானிக்குக் கருவிப் பெட்டியும் சைக்கிளும் வாங்கிக் கொடுக்கலாம். நிலத்தடி நீர், கணக்குத் தணிக்கை, மென்பொருள் என்று ஏதாவது தெரிந்தவர் என்றால், அங்குள்ள ஒரு அமைப்பு உங்களைக் கேட்டு அழைத்தால், குறைந்தது ஆறு மாதம் இருக்கத் தயார் என்றால் போங்கள். மலாவிக்குப் போனால் முதல் வேலையாக, அங்கே பரவலாகப் பேசும் சிச்செவா மொழியில் வணக்கம் சொல்லவும் நலம் விசாரிக்கவும் பழகுங்கள். அங்கே நலம் விசாரிக்காமல் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை.